ரத்தத்தில் ஐஎல்-6 கூடினால் எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்லிவிடலாமா?

#1 வெண்குழல்

கோவிட் காலத்துக்குப் பிறகு, அழற்சியின்போது கூடும் புரதமான ஐஎல்-6 (இன்டர்லூகின்-6) பரிசோதனை சாதாரண லேப்களிலும் கிடைக்கிறது. கடும் மாதவிடாய் வலியோடு வருபவருக்கு சிஏ-125 என்ற ரத்தப் புரதத்தின் கூடவே ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா இரண்டையும் பார்த்தால், லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்ப்பது) இல்லாமலே எண்டோமெட்ரியோசிஸை (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயை) உறுதி செய்யலாமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இந்த நோயில் இத்தகைய சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் புரதங்கள்) கூடுகின்றன என்பதில் சந்தேகமில்லை. அப்படியிருக்க ரத்தப் பரிசோதனை ஏன் நிலைபெறவில்லை? நோயின் போக்கு, அளவிடும் முறை, மருந்து மூன்றையும் தெரிந்தவர்கள் எழுத வேண்டும்.

#2 தாமரைத்தண்டு

நேர்ப் பதில்: முடியாது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 141 ஆய்வுகள், 15,141 பேர், 122 ரத்தக் குறியீடுகள். நோயைக் கண்டறியத் தகுந்தது என்று ஒன்றைக்கூட அவர்களால் சொல்ல முடியவில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கமான ஈஷ்ரேயின் 2022 வழிகாட்டுதல் ரத்தம், மாதவிடாய் ரத்தம், கருப்பைத் திரவம், கருப்பை உட்சவ்வு எதிலிருந்தும் உயிர்க்குறியீடு பார்த்து இந்த நோயை முடிவு செய்யக்கூடாது என்கிறது. சிஏ-125 மட்டும் எடுத்தாலும் 35 யூனிட்டுக்கு மேல் இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். குறைவாக இருந்தால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை அது தவறவிடும்.

ஐஎல்-6 விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. சளி பிடித்தால் கூடும், ஈறு வீங்கினால் கூடும், உடல் எடை கூடினாலே கூடும். ரத்தத்தில் சுற்றும் ஐஎல்-6-ல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவிலிருந்து வருவது. 2002இல் ஹியூமன் ரிப்ரொடக்‌ஷன் இதழில் வந்த ஓர் ஆய்வு, சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தில்) மி.லி.க்கு 2 பிகோகிராம் என்று எல்லை வைத்தால் 90 சதவீத நோயாளிகளைப் பிடிக்கலாம் என்றது. அதிலேயே நோயில்லாதவர்களைச் சரியாக விலக்கியது 67 சதவீதம்தான். பின்னால் வந்தவர்களுக்கு அந்த எல்லை நிற்கவில்லை. பல லேப்களின் அறிக்கையில் 7 பிகோகிராம் வரை இயல்பு என்று அச்சாகியிருக்கும். 2க்கும் 7க்கும் நடுவில் நின்றுகொண்டு ஒரு பெண்ணிடம் என்ன சொல்வது?

தயவுசெய்து அந்தப் பணத்தை அனுபவமுள்ள ஒருவர் செய்யும் டிரான்ஸ்வஜைனல் ஸ்கேனுக்கு (பெண்ணுறுப்பு வழியே எடுப்பது) வையுங்கள். சாக்லேட் கட்டியும் (சூலகத்தில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) ஆழமாக ஊடுருவிய முடிச்சும் அதில் தெரியும். மேலோட்டமான புள்ளிகள் தெரியாது. ஸ்கேன் சுத்தமாக இருப்பதாலேயே வலியை இல்லையென்று தள்ளிவிடவும் கூடாது.

#3 நொதித்தோட்டம்

ரத்தத்தில் ஏன் தெரியவில்லை என்பதற்கு நோயின் இயல்பிலேயே பதில் இருக்கிறது. சைட்டோகைன் என்பது பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் குரல். ஊர் முழுக்கக் கேட்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. எண்டோமெட்ரியோசிஸில் அந்தக் குரல் எழுவது வயிற்றறைக்குள், ஒரு சில மில்லிமீட்டர் திசுவைச் சுற்றி.

ஜான் சாம்ப்சன் 1927இல் சொன்னது, மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றறைக்குள் போய், அதிலிருக்கும் உட்சவ்வுச் செல்கள் அங்கே ஒட்டி வளர்கின்றன என்பது. 1984இல் பார்த்தபோது குழாய் திறந்திருக்கும் பெண்களில் 90 சதவீதம் பேருக்கு மாதவிடாய் சமயத்தில் வயிற்றறைத் திரவத்தில் ரத்தம் இருந்தது. ஆனால் நோய் வருவது சுமார் 10 சதவீதம் பேருக்கு. ஆக, செல்கள் போய்ச் சேருவது ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கிறது. அவை நிலைக்கிற இடத்தில்தான் நோயெதிர்ப்பு மூலக்கூறுகள் நுழைகின்றன.

அந்தச் சுழல் இப்படிப் போகிறது. வந்து விழுந்த சிவப்பணுக்கள் உடைகின்றன. வெளியே வரும் ஹீமும் இரும்பும், கழிவையும் கிருமியையும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்களில் என்எஃப்-கப்பா-பி என்ற சுவிட்சைப் போடுகின்றன. அவை ஐஎல்-1-பீட்டா, டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6, ஐஎல்-8, எம்சிபி-1 ஆகியவற்றைக் கொட்டுகின்றன. எம்சிபி-1 இன்னும் மோனோசைட்டுகளை (மேக்ரோஃபேஜாக மாறும் வெள்ளணுக்களை) கூப்பிடும். ஐஎல்-8 நியூட்ரோஃபில்களைக் கூப்பிடுவதோடு புது ரத்தக்குழாய் முளைக்கவும் தூண்டும். ஐஎல்-1-பீட்டா அந்தத் திசுவில் காக்ஸ்-2 நொதியை ஏற்றும். காக்ஸ்-2, வலியையும் அழற்சியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2-வை உண்டாக்கும். அது இபி2 ஏற்பியில் அமர்ந்து சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டி, எஸ்எஃப்-1 வழியாக, ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் அரோமடேஸ் நொதியைத் திறந்துவிடும். அதாவது, இடம்மாறிய அந்தத் திசு தனக்குத் தேவையான ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் பீட்டா ஏற்பி வழியே மறுபடி காக்ஸ்-2-ஐ ஏற்றுகிறது.

சாதாரணக் கருப்பை உட்சவ்வில் அரோமடேஸ் ஏறக்குறைய இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஹார்மோன் நோயா, அழற்சி நோயா என்ற பழைய சண்டைக்கு இந்தச் சுழலுக்குப் பிறகு பெரிய பொருளில்லை. ஒன்றின் வாலை மற்றது பிடித்திருக்கிறது.

#4 வெண்குழல்

நன்றி. ஓர் இடம் மட்டும் புரியவில்லை. மேக்ரோஃபேஜ்கள் அத்தனை கூட்டமாக வந்தும் அந்தச் செல்களை ஏன் விழுங்கவில்லை?

#5 செவ்வணு

வந்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. பாடநூலில் எம்1, எம்2 என்று பிரிப்பார்கள். உடம்புக்குள் அவ்வளவு சுத்தமான கோடு இல்லை, இருந்தாலும் பேச வசதிக்கு வைத்துக்கொள்வோம். கிருமியைக் கொல்லும் போக்கு எம்1. காயத்தை ஆற்றும் போக்கு எம்2. அழற்சியை அடக்கும் சைட்டோகைன்களான ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா நிறைந்த சூழலில் மேக்ரோஃபேஜ் இரண்டாவது பக்கம் சாய்கிறது. புண்ணை ஆற்றுவதாக நினைத்து ரத்தக்குழாயும் நாரும் கட்டிக் கொடுக்கிறது. திசு ஒவ்வொரு மாதமும் கசிகிறது, ஒவ்வொரு மாதமும் ஆற்றுகிறார்கள். அப்படித்தான் நார்த்திசு கெட்டிப்படுகிறது.

இயற்கைக் கொல்லி செல்களின் கதையும் இதேதான். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் அவற்றின் கொல்லும் திறன் குறைந்திருப்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். ஐஎல்-6, டிஜிஎஃப்-பீட்டா இரண்டும் அந்தத் திறனை மழுக்குகின்றன. இடம்மாறிய செல்கள் உதிர்க்கும் கரைநிலை ஐகாம்-1 கொல்லி செல் பிடித்துக்கொள்ள வேண்டிய கொக்கியை முன்கூட்டியே அடைத்துவிடும்.

டிஜிஎஃப்-பீட்டா பற்றிச் சொல்லும்போது 2023இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு வெளியிட்டதை விட முடியாது. நோயுள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கருப்பை உட்சவ்வில் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இருந்தது. நோயில்லாதவர்களில் 10 சதவீதத்துக்கும் கீழே. பாக்டீரியா வந்த இடத்தில் மேக்ரோஃபேஜ்கள் டிஜிஎஃப்-பீட்டாவைக் கூட்டி, நார்செல்களை நகரவும் ஒட்டவும் வைத்தன. எலிகளில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது புண்கள் குறைந்தன. இதைப் படித்துவிட்டு மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிட யாரும் கிளம்ப வேண்டாம். எலியில் கண்டது எலியில் கண்டதுதான்.

#6 மேசை7

அளவிடும் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குப் பாதிக் காரணம் நோயில் இல்லை, ட்யூபில் இருக்கிறது. இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

முதலில் ரத்தம். சீரமா, பிளாஸ்மாவா (உறையவிடாமல் தடுத்த ரத்தத்தின் திரவப் பகுதி) என்பதை ருசிக்கேற்பத் தேர்ந்தெடுக்க முடியாது. சீரத்துக்காக ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் வெடித்து விஇஜிஎஃப் (ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி), டிஜிஎஃப்-பீட்டா இரண்டையும் உள்ளே கொட்டும். அப்புறம் நீங்கள் அளப்பது பிளேட்லெட்டை, நோயாளியை அல்ல. உறைதலைத் தடுக்கும் இடிடிஏ ட்யூபில் எடுத்து, ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் போடுங்கள். அறை வெப்பத்தில் மதியம் வரை நின்ற ட்யூபில் மோனோசைட்டுகள் பாட்டுக்கு ஐஎல்-8 சுரந்துகொண்டே இருக்கும். காலையில் எடுத்த கட்டுப்பாட்டுக் குழு, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தாமதமாக வந்த நோயாளிக் குழு என்று அமைந்துவிட்டால் அருமையான பி மதிப்பு (வித்தியாசம் தற்செயலல்ல என்று காட்டும் புள்ளியியல் எண்) கிடைக்கும். அது காத்திருந்த நேரத்தின் பி மதிப்பு.

அடுத்து வயிற்றறைத் திரவம். லேப்ராஸ்கோப்பிக்கான முதல் ட்ரோக்கார் (துளைக்குழாய்) உள்ளே போனதும், எதையும் வெட்டுவதற்கு முன், கழுவுவதற்கு முன், டக்ளஸ் பையிலிருந்து (கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளம்) உறிஞ்ச வேண்டும். திரவமே இல்லையென்றால் 10 மி.லி. சலைன் விட்டு எடுக்கலாம். ஆனால் அது நீர்த்த மாதிரி. தனிக் குறியோடு தனிப் பெட்டியில் போக வேண்டும். நீர்க்காத மாதிரியோடு ஒரே அட்டவணையில் சேர்த்துவிட்டால் பிறகு எந்தப் புள்ளிவிவரமும் அதைக் காப்பாற்றாது.

இப்போது எல்லாரும் கோட்டைவிடும் இடம்: ரோஸ் நிறத் திரவம். லேப்ராஸ்கோப்பியில் ஊசி முனை பட்டு ஓரிரு சொட்டு ரத்தம் கலப்பது சகஜம். சிவப்பணுவுக்குள் எம்ஐஎஃப் என்ற சைட்டோகைன் குவிந்து கிடக்கிறது. அணு உடைந்தால் அது அப்படியே திரவத்துக்கு வரும். ஐஎல்-8 சிவப்பணுவின் மேலுள்ள டஃபி ஏற்பியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அணுக்களைப் பிரிக்காமல் உறைய வைத்து உருக்கினால் அதுவும் கணக்கில் வந்து சேரும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவரின் திரவம் பெரும்பாலும் ரத்தம் கலந்தே இருக்கும் என்பதால் இந்தப் பிழை எப்போதும் நோயாளிப் பக்கமே சாயும். எம்ஐஎஃப் கூடியிருக்கிறது என்று சொல்லும் எந்த முடிவையும் ஹீமோகுளோபின் அளவோடு சேர்த்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். 414 நானோமீட்டரில் ஒரு ரீடிங் எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

திரவத்தை முதலில் மெதுவாக, 400 முதல் 500 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி செல்களைப் பிரியுங்கள். மேல் திரவத்தை மட்டும் வேறு ட்யூபுக்கு மாற்றி, 2,000 ஜி-யில் இன்னொரு 10 நிமிடம். பிறகு 200 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து மைனஸ் 80 டிகிரியில். ஒரே ட்யூபில் 2 மி.லி. வைத்து ஒவ்வொரு கிட்டுக்கும் உருக்கி உருக்கி எடுக்காதீர்கள்.

எலைசாவில் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் முறை) நீர்த்தல் சோதனை கட்டாயம். வயிற்றறைத் திரவத்தை நீர்க்காமல், 2 மடங்கு, 5 மடங்கு, 10 மடங்கு என்று நான்காக வைத்து ஓட்டுங்கள். திரும்பக் கணக்கிட்டால் நான்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தர வேண்டும். நீர்க்க நீர்க்க எண் ஏறினால் திரவத்தில் ஏதோ தடுக்கிறது என்று பொருள். டிஎன்எஃப்-ஆல்ஃபாவில் இது அடிக்கடி நடக்கும். கரைநிலை டிஎன்எஃப் ஏற்பிகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆன்டிபாடிக்கு விடாது. தெரிந்த அளவு சைட்டோகைனைக் கலந்து பார்த்தால் 80 முதல் 120 சதவீதம் திரும்பி வர வேண்டும்.

தாமரைத்தண்டு சொன்ன 2 பிகோகிராம் எல்லைக்கு ஒரு கூடுதல் குறிப்பு. பரவலாகப் புழங்கும் ஐஎல்-6 எலைசா செட்டுகளில் அளவு வளைவின் கீழ்க்கடைசிப் புள்ளியே 5 முதல் 10 பிகோகிராமில் நிற்கும். அதற்குக் கீழே சாஃப்ட்வேர் ஒரு எண்ணைத் துப்பும். அது அளவீடு இல்லை, ஊகம்.

#7 செவ்வணு

மேசை7, டிஜிஎஃப்-பீட்டாவுக்கு அமிலம் சேர்ப்பதையும் எழுதிவிடுங்கள். அதில் தவறும் ஆய்வறிக்கைகள் கணக்கில்லாமல் இருக்கின்றன.

#8 மேசை7

ஆமாம், விட்டுப்போனது. டிஜிஎஃப்-பீட்டா 1 பெரும்பாலும் உறைக்குள் மூடிய வடிவில் இருக்கிறது. எலைசா ஆன்டிபாடி திறந்த வடிவத்தைத்தான் பார்க்கும். செல் வளர்ப்பு ஊடகத்துக்கான வழக்கமான முறை இது: 100 மைக்ரோலிட்டர் மாதிரியில் 20 மைக்ரோலிட்டர் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அறை வெப்பத்தில் 10 நிமிடம், பிறகு 20 மைக்ரோலிட்டர் ஹெப்பெஸ் கலந்த 1.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. உடனே பிளேட்டில் ஏற்ற வேண்டும். தவறும் இடங்கள் இரண்டு. 100 இப்போது 140 ஆகிவிட்டது, ஆகவே விடையை 1.4 ஆல் பெருக்க வேண்டும். இதை மறந்தவர்களின் எண்கள் எல்லாம் கால்வாசிக்கும் மேல் குறைவு. இரண்டாவது, நடுநிலையாக்கியதை பிஎச் தாளில் தொட்டுப் பார்க்காமல் விடுவது. 7.2 முதல் 7.6க்குள் இல்லையென்றால் பிளேட்டில் பூசிய ஆன்டிபாடி சரியாகப் பிடிக்காது. அந்தக் குழி மட்டும் வெளிறி நிற்கும், மாதிரியில் ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார்கள்.

சீரத்துக்கும் பிளாஸ்மாவுக்கும் விகிதம் வேறு. கிட்டின் தாளைப் பார்க்காமல் இதையே போடாதீர்கள்.

#9 தாமரைத்தண்டு

மருத்துவமனைப் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாள், கடைசி மூன்று மாதத்தில் ஹார்மோன் மாத்திரையோ ஊசியோ எடுத்தாரா, உடல் பருமன் குறியீடு எவ்வளவு, வலி மாத்திரை கடைசியாக எப்போது போட்டார். இந்த நான்கும் இல்லாத மாதிரியை வாங்கவே வேண்டாம். வயிற்றறைத் திரவத்தின் அளவே முட்டை வெளிவந்த பிறகு ஏறுகிறது. திரவம் கூடினால் செறிவு மாறும். 5ஆம் நாள் எடுத்ததையும் 18ஆம் நாள் எடுத்ததையும் ஒப்பிடுவது வேறு வேறு பருவத்துக் கிணற்றை அளப்பது போல.

கட்டுப்பாட்டுக் குழுவும் முக்கியம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு வந்த, வலியில்லாத, குழந்தை பெற்ற பெண்களை எடுத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். உண்மையில் டாக்டருக்குத் தேவைப்படுவது இடுப்பு வலியோடு வந்து லேப்ராஸ்கோப்பியில் ஒன்றும் காணாத பெண்களோடு ஒப்பீடு. அங்கே பல குறியீடுகள் மங்கிவிடுகின்றன.

#10 வெண்குழல்

சிகிச்சைக்கு வருவோம். முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்து அவ்வளவு வேலை செய்கிறது. இங்கே டிஎன்எஃப் கூடியிருக்கிறது என்றால் அதே மருந்து ஏன் கூடாது?

#11 தாமரைத்தண்டு

கொடுத்துப் பார்த்தார்கள். பபூன் குரங்குகளில் டிஎன்எஃப்பைக் கட்டிப்போடும் மருந்துகள் புதிதாகப் புண் உண்டாவதைக் குறைத்தன. அந்த நம்பிக்கையில் மலக்குடலுக்கும் பெண்ணுறுப்புக்கும் நடுவே ஆழ்ந்த முடிச்சு உள்ள 21 பெண்களுக்குச் சோதனை நடந்தது. கிலோவுக்கு 5 மி.கி. இன்ஃப்ளிக்ஸிமாப், எதிர்ப்பக்கம் போலி மருந்து. முடிவு 2008இல் வந்தது. இரு குழுவிலும் வலி சுமார் 30 சதவீதம் குறைந்தது. மருந்துக்கும் போலிக்கும் வித்தியாசம் இல்லை.

என் கணிப்பு: குரங்கில் தடுத்தது புதிய சிவப்புப் புள்ளிகளை. பெண்களில் இருந்தது ஆண்டுக்கணக்கில் நாரும் தசையும் நரம்பும் சேர்ந்து இறுகிய முடிச்சு. தீ மூட்டியவனை அப்போது பிடித்துப் பயனில்லை. போலி மருந்திலேயே 30 சதவீதம் குறைகிறது என்பதையும் கவனியுங்கள். எதிர்க்குழு வைக்காத எந்தச் சோதனையும் இந்த நோயில் வெற்றி போலத்தான் தெரியும்.

இன்று கையில் இருப்பவையும் சைட்டோகைன் மருந்துகள்தாம், பெயர் மட்டும் வேறு. புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் மருந்தான டையனோஜெஸ்ட் 2 மி.கி. தினமும் இடைவெளியில்லாமல் எடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவதோடு ஐஎல்-6, ஐஎல்-8, எம்சிபி-1 உற்பத்தியும் அரோமடேஸும் இறங்குவதைச் செல் ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் சில மாதங்கள் ஒழுங்கற்ற கசிவு இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் இடையில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவு கருத்தடைக்கு அனுமதிக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

வலி மாத்திரையான மெஃபனாமிக் அமிலம் காக்ஸை அடைக்கும். ஏற்கெனவே உருவான புரோஸ்டாகிளாண்டினை அழிக்காது. அதனால் வலி உச்சத்துக்கு வந்த பிறகு போட்டால் பாதிப் பலன்தான். ரத்தப்போக்கு தொடங்கப் போகிறது என்று தெரிந்ததும் தொடங்கி, உணவோடு, முதல் இரண்டு மூன்று நாள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். கருத்தரிக்க முயல்பவர்கள் முட்டை வெளிவரும் நாட்களில் தவிர்ப்பது நல்லது. 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் இந்த மருந்துக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டு வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

#12 நொதித்தோட்டம்

இன்ஃப்ளிக்ஸிமாப் தோற்றதால் சைட்டோகைனைக் குறிவைப்பதே வீண் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. குறி தவறாக இருந்திருக்கலாம். 2023இல் சயின்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின் இதழில் சுகாய் நிறுவனத்தின் ஏஎம்ஒய்109 பற்றி வந்தது. ஐஎல்-8-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி. சைனோமோல்கஸ் குரங்குகளில் புண்ணின் அளவு, ஒட்டுகள், நார்த்திசு குறைந்தன. அதன் சிறப்பு ரத்தத்தின் பிஎச்சில் ஐஎல்-8-ஐப் பிடித்து, செல்லுக்குள் அமிலச் சூழலில் அதை விட்டுவிட்டுக் காலிக் கையோடு மறுபடி ரத்தத்துக்குத் திரும்புவது. ஒரே ஆன்டிபாடி பலமுறை உழைக்கும், ஊசிகளின் இடைவெளி கூடும். நார்த்திசுவில் மாற்றம் கண்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டிஎன்எஃப் பக்கம் நாம் பார்க்காதது அது.

#13 தாமரைத்தண்டு

மாதவிடாய் உள்ள குரங்கு எலியைவிட எவ்வளவோ நெருக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குரங்கில் அளந்தது புண்ணின் அளவு. பெண் கேட்பது வலியை. நோய் லேசாகப் பரவிய நிலை 1இல் துடிப்பவரும் உண்டு, மிகக் கடுமையான நிலை 4இல் குழந்தையின்மைக்கு வந்து தற்செயலாகத் தெரிந்தவரும் உண்டு.

#14 செவ்வணு

அந்தப் பொருத்தமின்மைக்கு விளக்கத்தின் ஒரு பகுதி நரம்பில் இருக்கிறது. ஐஎல்-1-பீட்டா, டிஎன்எஃப் இரண்டும் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கூட்டுகின்றன. மேக்ரோஃபேஜ் சுரக்கும் ஐஜிஎஃப்-1 நரம்பு முளைகளை இழுப்பதை 2019இல் எலி ஆய்வில் காட்டினார்கள். இரண்டு மில்லிமீட்டர் புள்ளி நரம்பு அடர்ந்த இடத்தில் இருந்தால் பெரிய சாக்லேட் கட்டியைவிட அதிகம் வலிக்கலாம். 2023இல் 60,674 நோயாளிகளை வைத்து நடந்த மரபணு ஆய்வு 42 இடங்களைக் கண்டது. அவற்றில் பல, முதுகுவலி, ஒற்றைத் தலைவலி போன்ற பிற வலிகளோடும் பங்கு போடுகின்றன. ஆக, வலியைக் கணிக்க ஒரே ஒரு சைட்டோகைன் எண்ணைத் தேடுவது வீண் அலைச்சல்.

#15 வெண்குழல்

கடைசியாக ஒன்று. லேபில் வளர்த்த ஸ்ட்ரோமல் செல்லில் (கருப்பை உட்சவ்வின் தாங்கு செல்) ஐஎல்-1-பீட்டா விட்டு ஐஎல்-6, ஐஎல்-8 பார்க்கிறவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

#16 மேசை7

ஊடகத்தின் சிவப்பு நிறத்தில். அந்தச் சாயம் ஃபீனால் ரெட். அதற்கே லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு. சாதாரண கன்றுச் சீரத்திலும் ஹார்மோன் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்த குழி, கொடுக்காத குழி என்று ஒப்பிடும்போது இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் என்ன தெரியும்? ஃபீனால் ரெட் இல்லாத ஊடகம், கரியில் வடித்த சீரம், சோதனைக்கு முந்தின நாளே மாற்றிவிடுங்கள்.

அடுத்து எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சு. ஈ.கோலையில் தயாரித்த ஐஎல்-1-பீட்டாவில் அதன் மிச்சம் இருக்கலாம். அதுவே ஐஎல்-8-ஐ ஏற்றிவிடும். ஒரு குழியில் உங்கள் சைட்டோகைனை 95 டிகிரியில் சூடாக்கி விடுங்கள். புரதம் கெட்டுவிடும், எண்டோடாக்சின் கெடாது. அந்தக் குழியிலும் ஐஎல்-8 ஏறினால் இத்தனை நாள் பார்த்தது பாக்டீரியாவை. இன்னொரு குழியில் எண்டோடாக்சினை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

ஐஎல்-1-பீட்டா விட்ட குழியின் ஊடகத்தில் ஐஎல்-8 கொட்டிக் கிடக்கும். நீர்க்காமல் ஏற்றினால் நிறம் வளைவின் உச்சியில் முட்டி நிற்கும், 1 நானோகிராம் விட்டதும் 10 நானோகிராம் விட்டதும் ஒரே மாதிரி தெரியும். 50 மடங்கிலிருந்து தொடங்குங்கள்.